காமன் பொட்டலும் கல்லூரி மேடையும்

மலையகக் கூத்துக்களைப் பற்றிப் பேசவும் எழுதவும் முற்படும் அறிஞர் சிலர், காமன் கூத்தின்மீது ஒரே வகையான குற்றங்களை வெவ்வேறு சொற்களாற் கூறக் கேட்டிருக்கின்றோம். கூத்து மிக நீளமானது. பாடிய அடியையே திரும்பத் திரும்பப் பாடுகின்றது. மாஸ்டர் என்பவர் கொப்பியை விரித்துக்கொண்டு நடிகரின் பக்கத்திலேயே நிற்கின்றார். இடையிடையே ஆட்டம் நின்றுபோகின்றது. தப்பின் ஓசை பாட்டை விழுங்கிவிடுகின்றது என்பனவே அவை. சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலைகளுக்கிடையிலான போட்டியொன்றின் முடிவில், நடுவராக வந்திருந்த பெரியார் ஒருவர், இக்குற்றங்களையெல்லாம் களைந்து செம்மைப்படுத்திய காமன் கூத்து ஒன்றைப் பெரிதும் பாராட்டினார். ஆடை அழகாயிருந்தது, ஒளியமைப்பு நன்று, மாணவரின் ஒழுங்கு பாராட்டற்பாலது. ஆயினும் பத்தாவது நிமிடத்தில் மன்மதன் குரல் கம்மிற்று. இரதியின் புலம்பல் எவர் நெஞ்சையும் தொடாமல் முடிந்தது. தோட்டத்துப் பொட்டலில் விடியுமளவும் தாங்கும் கூத்து, மண்டபத்தில் இருபது நிமிடந் தாங்காது போனதேன் என்னும் வினா அன்றே எம் மனத்தில் எழுந்தது. குற்றமெனக் களையப்பட்டவை உண்மையிற் குற்றங்கள்தாமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கதையை இசையாலேயே நடத்தும் நாடகத்தை மேலைநாட்டார் ஒப்பெரா என்பர். 1607 ஆம் ஆண்டில் இத்தாலியின் மாந்துவா நகர அரண்மனையில் மொன்டவேர்டியின் 'ஒர்பேயோ' அரங்கேறியது. 1637 இல் வெனிஸ் நகரில், பணங்கொடுத்து எவரும் நுழையத்தக்க முதலாவது ஒப்பெராக் கொட்டகை திறக்கப்பட்டது. அக்காலந்தொட்டு அக்கலையின் வரலாறு இசைமேதைகளின் வரலாறாக இருப்பது போலவே நடைமுறைத் தொல்லைகளின் வரலாறாகவும் இருக்கின்றது. பேச்சு நாடகத்தில் ஒரு வசனம் தவறினால் நடிகன் சமாளித்துக்கொள்வான். இசை நாடகத்திலோ தாளம் எவருக்காகவும் காத்திராது. பாடுவோன் தொண்டை, வாத்தியக்காரரின் சுருதி, பின்பாட்டுக்காரரின் நினைவு, வேடம் புனைவோன் கை, விளக்கு, வானிலை, இத்தனையும் ஒரே இரவில் ஒன்றுகூடுதல் வேண்டும். ஒன்று பிசகினால் மற்றையவும் பிசகும். எல்லாருக்கும் ஊதியமும் கொடுத்தாதல் வேண்டும். ஆதலால் அரசனோ அரசோ செல்வரோ தாங்காமல் ஒப்பெரா அங்கு நிலைத்ததில்லை.

காமன் கூத்தை ஒப்பெராவுடன் ஒப்பிடுவது அதற்கு ஒரு மேலைநாட்டுப் பட்டம் சூட்டுதற்காக அன்று. தொல்லைகள் இரண்டுக்கும் ஒன்றே என்பதற்காகவே. அவற்றைக் கொட்டகையுமின்றிக் கொடையாளருமின்றிப் பகலெல்லாம் மலையில் உழைத்த மக்கள் எவ்வாறு தீர்த்துக்கொண்டனர் என்பதே நோக்கற்பாலது.

கதை யாவரும் அறிந்ததே. அசுரரை அழிக்கக் குமரன் பிறத்தல் வேண்டும். அதற்கு ஈசன் யோகங் கலைதல் வேண்டும். கலைக்கும் பணி மன்மதன் தலையில் விழுகின்றது. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்திற் காமதகனப் படலம் என ஒரு படலமே வகுத்தார். காளிதாசர் குமாரசம்பவத்தின் மூன்றாஞ் சருக்கத்திற் காமனை எரித்து, நான்காஞ் சருக்கத்தை இரதியின் புலம்பலுக்கே ஒதுக்கினார். தோட்டத்துக் கூத்தும் அவ்விடத்திலேயே தன் பாரத்தை இறக்குகின்றது. தேவர் தூதன் வருகின்றான், மன்மதன் புறப்படுகின்றான், தீக்கனாக் கண்ட இரதி தடுக்கின்றாள், இருவரும் பாட்டிலேயே வழக்காடுகின்றனர், அவன் போகின்றான், எரிகின்றான், அவள் அழுகின்றாள். புராணத்தில் தேவகாரியமாக நிற்பது, லயத்து முற்றத்தில், பெரிய இடத்து ஏவலுக்காக வேலைக்குப் போனவன் திரும்பி வாராத கதையாகிவிடுகின்றது. கடல்தாண்டி வந்து இம்மலைகளில் மடிந்தவர்களின் வழித்தோன்றல்கள் இக்கதையை ஏன் விடாது பற்றினர் என்பதற்கு வேறு விளக்கந் தேடவேண்டியதில்லை.

மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையளவிற் காமன் பொட்டலிற் கம்பம் ஊன்றுவர். ஆமணக்கு, பேய்க்கரும்பு முதலியவற்றைச் சேர்த்து வைக்கோல் சுற்றிக் கட்டிய அக்கம்பமே காமனாகும். கட்டும் முறை தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். பௌர்ணமி இரவிற் காமன் எரிவான். மூன்றாம் நாள் எழுப்பப்படுவான். இக்காலக்கணக்கு சமயக் கணக்கு மட்டுமன்று. ஹட்டன், தலவாக்கலை, திம்புள்ளைப் பகுதிகளில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைந்த காலம். தேயிலைக்கு மணம் மிகுந்து விலை ஏறும் பருவம் அது. ஆனாற் கொழுந்து குறைவு. மின்விளக்கு இல்லாத காலத்திற் பொட்டலுக்கு வேண்டிய ஒளியின் பெரும்பகுதியை நிலவே கொடுத்தது. பந்தமும் பெற்றோமாக்சும் மிகுதியைக் கொடுத்தன. 1966 இல் இலங்கையில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாள்கள் ஓய்வு நாள்களாயின. 1971 இல் அம்முறை கைவிடப்பட்டபின்னும் பௌர்ணமி நாள் பொது விடுமுறையாகவே நீடிக்கின்றது. ஆயினும் அதனாற் கூத்தாடுவோர்க்குக் கிடைக்கும் ஆறுதல் பாதியே. விடுமுறை பகலுக்கு, கூத்து இரவுக்கு. காமன் எரிந்து முடிய, மறுநாட் பிரட்டு வந்துவிடும்.

கம்பம் ஊன்றியது முதல் எரிப்பது வரையுள்ள இரு வார காலம் மிக்க கவனத்துக்குரியது. ஒவ்வோர் இரவும் கம்பத்தைச் சுற்றி ஆட்டம் நிகழ்கின்றது. இரதியும் மன்மதனும் லயந்தோறும் ஆடிச் செல்கின்றனர். ஒப்பெராக்காரர் வாரக்கணக்கிற் கதவடைத்துக் கூலிகொடுத்து ஒத்திகை பார்ப்பர். தோட்டத்தார் ஒத்திகையை வழிபாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டனர்! இதனாற் பயன் இரண்டு. நடிகன் மலையில் வேலை செய்த களைப்போடு தனியே ஓரிடத்துக்குப் பயிற்சிக்குப் போகவேண்டியதில்லை என்பது ஒன்று. காண்போரும் பாட்டைக் கற்றுக்கொள்கின்றனர் என்பது மற்றொன்று. பௌர்ணமியன்று இரதி வாயெடுக்கும்போது அடுத்த அடி சுற்றியிருக்கும் முந்நூறு பேருக்கும் தெரியும். மண்டபத்தில் முதன்முறை கேட்போர்முன் பாடும் மாணவிக்கு அந்தத் துணை இல்லை.

இனித் தப்பினைக் குறித்துச் சிறிது விரிவாகவே கூறவேண்டும். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1,870 மீற்றர் உயரத்திலும் உள்ளன. மாசி மாதத்து இரவு எத்தகையதென்பதை அங்கு வாழ்ந்தவரே அறிவர். நுவரெலியாப் பக்கத்தில் அப்பருவத்தின் தொடக்கத்தில் உறைபனி படிவதுமுண்டு. தப்பு ஒரு முகமுடைய தோற்கருவி. மரவளையத்தில் இழுத்து ஒட்டிய தோல், பனியின் ஈரத்தை வாங்கித் தளர்ந்துவிடும். தளர்ந்தால் ஒலி மந்தமாகும். வயலினுக்கு முறுக்காணி உண்டு, மிருதங்கத்துக்கு வார் உண்டு, தப்புக்கு இரண்டுமில்லை. வைக்கோலைக் கொளுத்தி அனலிற் காய்ச்சி அதன் தோலை இறுக்குதலே வழி. நல்ல தப்படிப்பவர் விரலாற் சுண்டிப் பார்த்து, எவ்வளவு நேரத்துக்கு அது தாங்கும் என்று சொல்லிவிடுவார். அடிகுச்சியும் சிண்டுகுச்சியும் எவ்வளவு தேர்ச்சியோடு பழகினாலும் தோல் இளகிவிட்டால் அத்தேர்ச்சி பயனற்றது. ஆகவே தப்படிப்போர் சிலர் அடிக்க, வேறு சிலர் பொட்டலின் ஓரத்துத் தீயருகே நிற்பர். பனி மிகும் சாமத்தில் எல்லாத் தப்புக்களும் ஒருசேரத் தளர்வதுண்டு. அப்போது ஆட்டம் நிற்கும், கோமாளி வருவான்.

ஆட்டம் இடையிடையே நின்றுபோகின்றது என்ற குற்றச்சாட்டுக்கு விடை இதுவே. கோமாளியின் கூற்றைக் கதைக்குப் புறம்பானதெனச் சிலர் வெட்டிவிடுகின்றனர். கதைக்குப் புறம்பானதுதான், தப்புக்குப் புறம்பானதன்று. மேலைநாட்டு வரலாற்றிலும் இத்தகைய இடைக்காட்சிகள் இருந்தன. பெர்கொலேசி 1733 இல் இயற்றிய 'எசமானியான வேலைக்காரி' என்னும் சிறு நகைச்சுவை ஒப்பெரா, வேறொரு பெரிய ஒப்பெராவின் அங்கங்களுக்கிடையே நிகழ்த்தவென எழுந்ததாகும். பெரிய நாடகம் மறக்கப்பட்டது. இடையில் வந்தது நின்றது. எமது கோமாளிக்கும் அவ்வாறான காலம் வரலாம்.

தப்பைக் கைவிட்டு மிருதங்கத்தை வைத்தால் இத்தொல்லை இல்லையே எனக் கேட்பாருளர். அவ்வாறு வைத்தும் பார்த்துவிட்டனர். திறந்த வெளியிற் பத்துப் பேர் காலெடுத்து ஆடும்போது அடியைச் சுமக்கும் வன்மை மிருதங்கத்துக்கு இல்லை. அது வேறு பணிக்கு அமைந்த கருவி. மேலும் ஒன்றை மறைக்காமற் கூறல் தகும். தப்பை மண்டபத்துக்குள் ஏற்றத் தயங்குவோர் எல்லாரும் அதன் ஓசைக்காகத் தயங்குவதில்லை. அதை அடிப்பவரின் சாதியை நினைத்துத் தயங்குவோரும் உளர். இசைக் காரணம் போல உடுத்தி வரும் அத்தயக்கத்தை இசைக் காரணமாகக் கொண்டு விடையிறுக்க வேண்டியதில்லை. ஒரு காலத்திற் பிரட்டுக்கு மக்களை எழுப்பியதும் தப்பே என்பதை மட்டும் நினைவூட்டுவோம். பகலை வேலைக்குத் திறந்த அதே கருவி, இரவை ஆட்டத்துக்குத் திறந்தது.

ஓசை பாட்டை விழுங்குகின்றது என்பதும் முழுதும் பொய்யன்று. ஜேர்மானியராகிய வாக்னர் 1876 இற் பைரொயித்தில் தம் அரங்கைத் திறந்தபோது வாத்தியக்குழுவையே மேடைக்குக் கீழே பள்ளத்தில் மறைத்து வைத்தார். ஓசை அடங்கி, பாடுவோர் குரல் மேலெழுந்தது. பொட்டலிற் பள்ளம் வெட்டுவாரில்லை. அங்கு வேறோர் உபாயம் உண்டு: தனியடி பாடும்போது தப்பு ஓரத்தட்டாக அடங்கும், அடி முடிந்து பின்பாட்டு எழும்போது முழுவீச்சில் எழும். இதனை அறியாத புதியவர் எல்லா இடத்தும் ஒரே விசையில் அடிப்பர். அங்கேதான் பாட்டு விழுங்கப்படுகின்றது. குற்றம் கருவியினதன்று; பழக்கத்தினது.

இக்கூத்தின் செய்முறைகளுள் மிக நுட்பமானதாக நாம் கருதுவது, அறிஞர் பெரிதும் வெறுக்கும் திரும்பப் பாடலையே. பகலெல்லாம் கவ்வாத்துக் கத்தியோடும் முள்ளோடும் நின்றவன் இரவில் மன்மதனாகின்றான். குளிர்காற்றுத் தொண்டையை உலர்த்துகின்றது. அவன் ஆடவும் வேண்டும், பாடவும் வேண்டும். ஆட்டம் மூச்சை எடுத்துக்கொள்ளும். பாட்டு மூச்சைக் கேட்கும். இம்முரண்பாட்டை ஒப்பெராவுலகம் தீர்த்த விதம், பாடுவோரைப் பெரும்பாலும் அசையாமல் நிற்கவிட்டு ஆடுவோரை வேறாக அமர்த்தியதாகும். அங்கும் வாக்னரின் நெடும் நாடகங்களுக்குப் பைரொயித்தில் அங்கத்துக்கும் அங்கத்துக்கும் இடையே ஒரு மணி நேர ஓய்வு விடுவது வழக்கம். காமன் கூத்தில் அவ்வோய்வு அடிக்கு அடி பங்கிடப்பட்டுள்ளது. நடிகன் ஓரடி பாடுகின்றான். மாஸ்டரும் பின்பாட்டுக்காரரும் அதை வாங்கித் திரும்பப் பாடுகின்றனர். அந்நேரத்தில் அவன் ஆடுகின்றான். ஆட்டம் முடிய அடுத்த அடிக்கு மூச்சு இருக்கின்றது. திரும்பப் பாடல் அவனுடைய ஓய்வு. அதை வெட்டியவர் மன்மதனின் மூச்சை வெட்டினார். பத்தாவது நிமிடத்திற் கம்மிய அம்மாணவனின் தொண்டைமேற் குற்றமில்லை.

மாஸ்டர் அருகே நிற்பதும் அவ்வகையினதே. ஒப்பெரா அரங்குகளில் மேடையின் முன்விளிம்பிற் சிறு கூண்டமைத்து, அடியெடுத்துக் கொடுப்பவனை அதற்குள் மறைத்து வைத்தனர். பாடுவோன் காண்பான், சபையோர் காணார். எமது கூத்தில் மறைவு இல்லை. நடிகருட் பலர் எழுத்தறியாதவராயிருந்த காலத்தில் முழுப் பிரதியையும் சுமந்தவர் மாஸ்டர் ஒருவரே. அவர் அடியெடுத்தார், தாளங் கொடுத்தார், வேடத்தை ஒப்பேற்றினார், வெறித்து வந்தவனை வெளியேற்றினார். ஒப்பெராவில் ஐந்து பேர் பார்க்கும் வேலையை ஒருவர் பார்த்தார் என்க. இச்சிக்கனமே இக்கலையின் பலவீனமுமாயிற்று. ஒருவர் போனால் எல்லாம் போகும்.

அவ்வாறே போயிற்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களைப் பங்கிட 1964 ஒக்டோபரிற் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எழுந்தது. 975,000 பேர் எனக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பின்னர்த் தீர்மானிப்பதென்றும் வகுத்தனர். 1974 இல் அவ்வெச்சத்தையும் இரு நாடுகளும் சமமாகப் பகுத்துக்கொண்டன. 1984 இல் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோகும்வரை குடும்பங் குடும்பமாக மக்கள் சென்றனர். இலக்கங்களைப் பங்கிட்டவர் கூத்துக் குழுக்களைப் பற்றி எண்ணியிருக்க மாட்டார்கள்; எண்ண வேண்டியவருமல்லர். ஆயினும் ஒரு தோட்டத்து மன்மதனின் பெயர் இந்தியாவுக்கும் இரதியின் பெயர் இலங்கைக்கும் விழுந்தால் நேர்வது என்ன? எமக்குக் கூத்துப் பற்றிப் பல சொல்லித்தந்த முதியவர் ஒருவர், தம் தோட்டத்தில் மூன்றாண்டு காமன் ஊன்றப்படவில்லை என்றார். காரணம் கேட்டோம். "மாஸ்டர் போயிட்டார் தம்பி, கொப்பியையும் கொண்டு போயிட்டார்" என்றார். நான்காம் ஆண்டில் அயல் தோட்டத்திலிருந்து வேறொருவரை அழைத்து வந்து, அவர் பாட்டில் விட்ட அடிகளை லயத்துக் கிழவிகள் எடுத்துக் கொடுத்துக் கூத்தை மீட்டனராம். இரு வார காலம் சபையையே பழக்கிவைத்த முறையின் பயன் இங்கே விளங்கும். தமிழ்நாட்டிற் சங்கரதாஸ் சுவாமிகளின் இசைநாடகங்கள் வெவ்வேறூர் நடிகர் மேடையிலேயே சந்தித்து ஆடும் ஸ்பெஷல் நாடகமாக வழங்கியதும் பாட்டு எல்லார்க்கும் பொதுவாயிருந்தமையாலன்றோ!

இக்காலத்துத் தொல்லை வேறு. இளைஞர் கொழும்பிற் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் இருக்கின்றனர். தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் விடுமுறை பெற்று ஊர் வருவர். மாசிப் பௌர்ணமிக்கு இரு வார விடுமுறை கொடுக்கும் முதலாளி எவருமிலர். ஆதலாற் காப்புக் கட்டி விரதம் இருந்து ஆட ஆள் அருகிவருகின்றது. கடைசி ஓரிரவு மட்டும் வந்து ஆடுகிறோம் என்கின்றனர். வரட்டும், ஆயினும் ஒத்திகையும் சபையின் பயிற்சியும் அத்துடன் போயின என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். செலவைப் பற்றி மிகுதியாகக் கூறவேண்டியதில்லை. குடும்பத்துக்கு இவ்வளவென வரி பிரித்துச் செலவை ஒப்பேற்றும் வழக்கம், தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையானபோதும், 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றபோதும் மாறவில்லை.

இரதியின் வேடத்தை ஆடவரே புனைந்து வந்தனர். பாப்பரசரின் உரோமாபுரியிலும் பெண்கள் மேடையேறத் தடையிருந்த காலத்தில் ஆடவரே பெண்பாகம் பாடினர். இன்று பாடசாலைகளில் இரதியாக மாணவியர் வருகின்றனர், அது நன்றே. ஆனால் அதனால் எழுந்த ஓர் இசைச் சிக்கலை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. மன்மதனும் இரதியும் பின்பாட்டுக்காரரும் ஆடவராயிருந்தபோது மூவர்க்கும் சுருதி ஒன்று. இப்போது மன்மதனுக்கு இசைந்த சுருதியில் இரதி பாடினாற் குரல் அடியிற் கிடந்து முணுமுணுக்கின்றது. இரதிக்கு இசைந்ததை எடுத்தால் மன்மதன் கத்துகின்றான். பெரும்பாலும் இரதியே விட்டுக்கொடுக்கின்றாள். கூத்தின் உயிராகிய புலம்பல் எவர் நெஞ்சையும் தொடாமற் போனதற்கு இதுவே பெருங்காரணம். இது தீராத சிக்கலன்று. தப்புக்கு நிலையான சுருதி இல்லை; ஆதலால் மன்மதன் எரிந்தபின் சுருதியை உயர்த்திக்கொள்ள எத்தடையுமில்லை. மாணவியர் நால்வரைப் பின்பாட்டில் நிறுத்தினால் இரதிக்குத் துணையும் உண்டாகும். வழக்காட்டுப் பாடலில் மட்டும் இருவர்க்கும் நடுவான ஓர் இடத்தைத் தேடல் வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும்.

பொட்டலின் வட்டத்தைக் கெடுத்தது சட்டமிட்ட மேடை என்பர். எம் கருத்தில் முதலிற் கெடுத்தது ஒலிவாங்கி. கம்பத்தருகே கோலொன்றில் ஒலிவாங்கியை நட்ட நாளில், சுற்றி ஆடிய நடிகர் ஒவ்வொருவராக அதன்முன் வந்து நின்று பாடிவிட்டுப் போகத் தொடங்கினர். பாடுமிடம் ஓரிடம், ஆடுமிடம் வேறிடம் என்றாயிற்று. தபால் நிலையத்தில் வரிசை நிற்பது போன்ற அக்காட்சியைத் தோட்டங்களிலேயே கண்டிருக்கின்றோம். நகரத்தாரை மட்டும் குறைகூறல் நேர்மையாகாது. குரல் எட்டாத இடத்துக்குத் திரும்பப் பாடல் எட்டவைத்தது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்க.

தீயைப் பற்றியும் ஒரு சொல். கொட்டகைக்குத் தீ பகை; வெனிஸ் நகரத்துப் பெனீச்சே அரங்கு 1836 இலும் 1996 இலும் எரிந்தது. வாக்னரின் பெருநாடகம் தீயில் முடிவதாயினும் அங்கே தீயை ஒளியாலும் புகையாலுமே காட்டுதல் இயலும். காமன் உண்மையிலேயே எரிகின்றான். பதினைந்து நாள் சுற்றிவந்து வணங்கிய பொருள் கண்முன் சாம்பலாகின்றது. அவ்வெப்பம் முகத்திற் படும்போதே புலம்பல் தொடங்குகின்றது. மண்டபத்திற் சிவப்புத் துணியை விசிறியால் ஆட்டுவோரை நாம் இகழவில்லை, வேறென் செய்வர்? ஆயினும் அத்துணிக்குப் பின் வரும் புலம்பல், பாட்டின் வலிமையால் மட்டுமே நிற்கவேண்டியதாகின்றது என்பதை இயக்குநர் உணர்ந்து, அதற்கு இரு மடங்கு நேரம் ஒதுக்கியிருத்தல் வேண்டும். எமது போட்டி மேடையில் அதற்குக் கிடைத்தது இரண்டு நிமிடம்.

விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கலாகாது என்பது எம் வாதமன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1956 முதல் இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராயிருந்து கூத்துக்கு உயிரூட்டியதும், பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962 இற் 'கர்ணன் போர்' கூத்தையும் அதன்பின் 'இராவணேசன்' முதலியவற்றையும் நவீன மேடைக்கேற்பச் சுருக்கி அளித்ததும் தமிழ் நாடக வரலாற்றில் நிலைபெற்றவை. ஆனால் அவர் செய்த முறையைக் கவனித்தல் வேண்டும். அவர் மட்டக்களப்பு அண்ணாவிமாரைக் கொண்டே பழக்கினார். மேடையேறிய மாணவருட் பலர், இராவணேசனாக ஆடிப் புகழ்பெற்ற சி. மௌனகுரு அவர்களைப் போல, கூத்து வழங்கும் மண்ணிலிருந்து வந்தவர்கள். எதை விட்டால் எது விழும் என்பதை அறிந்தவர்கள் சுருக்கினர். எமது பாடசாலைகள் அம்முயற்சியின் அளவைக் கற்றன, முறையைக் கற்கவில்லை. முழுக் கதையையும் குறித்த நிமிடங்களுக்குள் அடைக்கவேண்டும் என எண்ணித் திரும்பப் பாடலையும் கோமாளியையும் புலம்பலையும் நறுக்கினர். தேவசபையையும் ஊர்வலத்தையும் விட்டுவைத்தனர். வெட்டவேண்டியது கதையை; பாடும் முறையையன்று. கந்தபுராணங் கேட்டு வளர்ந்த சபைக்குத் தேவர் ஏன் கூடினர் என்பதைக் காட்டவேண்டிய தேவையில்லை. தூதன் வருகை, இரதி தடுத்தல், வழக்காட்டு, தகனம், புலம்பல் என்பவற்றை மட்டும் எடுத்து, அவற்றைப் பொட்டலிற் பாடும் அளவிலேயே பாடினால், நாற்பது நிமிடத்தில் ஒரு கூத்து அமையும். போட்டி விதி அதற்கு இடந்தராதெனின் வழக்காட்டையும் புலம்பலையும் மட்டும் ஆடுக.

பாடலைத் தொகுத்தல் ஒன்று. அதனைப் பாடிய முறையைத் தொகுத்தல் வேறு. சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார்கள். கூத்தின் செய்முறையை எழுதிவைக்கும் பணிக்கு மாணவர் எவரும் இன்றே புறப்படலாம். எந்தப் பாட்டில் எத்தனை முறை பின்பாட்டு வாங்குகின்றது, தப்பு எங்கே அடங்குகின்றது, எத்தனை நாழிகைக்கொரு முறை தோலைக் காய்ச்சுகின்றனர் என்பனவெல்லாம் ஒரு கொப்பியில் அடங்கக்கூடியவையே. அக்கொப்பியின் பிரதியொன்று கல்லூரி நூலகத்தில் இருக்குமாயின், ஒருவர் கப்பலேறினாலும் கண்மூடினாலும் மற்றொருவர்க்கு உதவும்.

எமது கல்லூரி மண்டபத்தில் நெருப்பு மூட்டலாகாதென்பது விதி. அதை மீறச் சொல்லவில்லை. மண்டபத்தின் பின்புறம், சமையலறைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் இடையே, காற்று மறைந்த ஒரு மூலை உண்டு. சென்ற முறை தப்படிக்க வந்திருந்த இருவர், தம் முறை வருமுன் அங்கே போய்ப் பழைய தினசரித் தாள்களைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டு வந்தனர். அவர்கள் ஏறிய பின்னரே அன்று மேடை அதிர்ந்தது. அடுத்த முறை அம்மூலையில் வைக்கோல் ஒரு கட்டும், நீர் நிறைந்த வாளி இரண்டும், தப்பைக் காய்ச்சத் தெரிந்த ஒருவரும் இருப்பதற்கு நாடகச் சங்கத்தார் முன்கூட்டியே ஒழுங்கு செய்வார்களாக.